வந்தேறி வீட்டுப் பிள்ளைகளின் பாட்டு

பிரெஞ்சு தெரியாமல் பிரெஞ்சுப் பாட்டு கேட்கிற ஆள் என்று எங்கள் சொசைட்டியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. புனேவுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. வந்த புதிதில் ஆபீஸில் ஒரு பிராஜெக்டுக்காக பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்த சகா ஒருவர் எடித் பியாஃப் சிடி ஒன்றைக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. "அர்த்தம் புரியாம எப்படிய்யா கேக்கறே?" என்று கேட்பவர்களிடம், புனேக்காரர்கள் தமிழ் புரிந்துகொண்டா ரஹ்மான் கேட்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஆனால் இந்தப் பதிவு அதைப் பற்றி இல்லை. சிடி உறைக்குள் மடித்து வைத்திருக்கும் குட்டிப் புத்தகத்தைப் படிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. அப்படிப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறைத்தது. 'இதுதான் அசல் பிரான்சு' என்று உலகமே தலையாட்டும் பாட்டுகளைப் பாடியவர்களில் எத்தனை பேர் வெளியூர்க்காரர்கள், வெளியூர்க்காரர்கள் பெற்ற பிள்ளைகள்! வெளி மாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

முதலில், சான்சோன் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. பிரெஞ்சில் அதற்கு 'பாட்டு' என்றுதான் அர்த்தம். ஆனால் அந்தப் பெயரில் அவர்கள் குறிப்பிடுவது சொல்லை முன்னால் நிறுத்துகிற ஒரு பாட்டு வகையை. மெட்டு, வாத்தியம், குரலின் அழகு எல்லாம் சொல்லுக்குப் பின்னால்தான் நடந்து வரும். ஒரு ஆள் மேடையில் நின்று மூன்று நிமிஷத்தில் ஒரு கதை சொல்லி முடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் கதாகாலட்சேபத்தைப் பிழிந்து மூன்று நிமிஷச் சாறாக எடுத்தது மாதிரி. ஒரு மெய்யெழுத்தைக்கூட முழுங்கக் கூடாது. ஜாக் ப்ரெல் பாடுவதைக் கேளுங்கள், வார்த்தைகளைக் கடித்துத் துப்புவார். மொழி தெரியாத எனக்கே எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது என்று தெரிகிறது. (ப்ரெல் பிரெஞ்சுக்காரர் இல்லை, பெல்ஜியத்துக்காரர் என்பது பலருக்குத் தெரியாது.)

இப்படி உச்சரிப்பே உயிராக இருக்கிற வகையில் வெளியாள் நுழையவே முடியாது என்றுதானே நினைப்போம்? நடந்ததோ நேர் எதிர்.

ஈவ் மோந்தானை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது 1921-ல், இத்தாலியில். இயற்பெயர் ஈவோ லீவி. முசோலினி ஆட்சி பிடிக்காமல் குடும்பம் மார்சேய் துறைமுகத்துக்குப் பெயர்ந்தது. சின்ன வயதில் தெருவில் விளையாடும்போது அம்மா மாடியிலிருந்து "ஈவோ, மேலே வா" என்று இத்தாலியக் கொச்சையில் கத்துவாராம். அந்த 'மேலே வா'தான் மேடைப் பெயரில் மோந்தான் ஆனது என்பார்கள். அவர் பாடிப் புகழ்பெற்ற 'லே ஃபேய் மோர்த்', அதாவது 'உதிர்ந்த இலைகள்', 1946-ல் வந்த ஒரு படத்துக்காக வந்தது. ஆங்கிலத்தில் 'ஆட்டம் லீவ்ஸ்' என்று ஜாஸ்காரர்கள் வாசிக்காத நாளே இல்லை. மெட்டுப் போட்டவர் ஜோசஃப் கோஸ்மா, புடாபெஸ்டிலிருந்து வந்த ஹங்கேரிய யூதர். எழுதிய ழாக் ப்ரெவேர் மட்டும் உள்ளூர். பாரீஸின் இலையுதிர் காலம் என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வரும் பாட்டுக்கு மெட்டு ஹங்கேரியில் பிறந்தவருடையது, குரல் இத்தாலியில் பிறந்தவருடையது!

(இடையில் ஒன்று. பிரெஞ்சு 'ஜே' எழுத்துக்குத் தமிழில் நிறைய பேர் ழ போடுகிறார்கள். ழான், ழாக் என்று. உண்மையில் அது நம்ம ழ ஒலியே இல்லை. ஆனாலும் எனக்கு இந்த வழக்கம் பிடிக்கும். பாதிப் பேர் நாக்கில் வராத எழுத்தைப் பெரிய மனசோடு அடுத்த ஊர்க்காரனுக்குக் கடன் கொடுத்திருக்கிறோம் பாருங்கள்!)

அடுத்து அஸ்நவூர். இவர்தான் எனக்கு எல்லாரையும்விட முக்கியமானவர். ஷார்ல் அஸ்நவூர் 1924-ல் பாரீஸில் பிறந்தார். முழுப்பெயர் அஸ்நவூரியன். அப்பா அம்மா அர்மேனியாக்காரர்கள், ஊரை விட்டு ஓடி வந்தவர்கள். அப்பா பாட்டுக்காரர், பிழைப்புக்கு உணவு விடுதியும் நடத்தினார். பையன் ஆள் குட்டை, குரல் கரகரப்பு. இந்தக் குரலை வைத்துக்கொண்டு பாட வந்துவிட்டானே என்று ஆரம்பத்தில் விமர்சகர்கள் கிழித்தார்கள். பியாஃப்தான் கூடச் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அறுபது எழுபது வருஷம் மேடை. 1965-ல் 'லா போயெம்'. 1974-ல் ஆங்கிலத்தில் பாடிய 'ஷீ' பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. 2018 அக்டோபரில் 94 வயதில் இறந்தபோது, படைத் தளபதிகளுக்கு மரியாதை செய்யும் லே சான்வலிட் முற்றத்தில் அரசு மரியாதை நடந்தது. பிரெஞ்சு அதிபர் பேசினார், அர்மேனியப் பிரதமர் வந்திருந்தார், அர்மேனிய துதுக் குழல் வாசித்தார்கள். யூட்யூபில் பார்க்கலாம். எனக்குத் தொண்டை அடைத்தது. ஓடி வந்த குடும்பத்துப் பையனை இரண்டு நாடுகள் சேர்ந்து வழியனுப்புகின்றன.

இன்னொருவர் ஜார்ஜ் முஸ்தாக்கி. எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் பிறந்த கிரேக்க யூதர். பியாஃப் பாடிய 'மிலோர்'டுக்குச் சொற்கள் இவருடையது. 1969-ல் தானே ஒரு பாட்டு எழுதிப் பாடி, அதற்கு 'லெ மெத்தெக்' என்று பெயர் வைத்தார். மெத்தெக் என்றால் பிரெஞ்சில் வசவு. பிழைக்க வந்த தெற்கத்திய, கிழக்கத்திய முகங்களைப் பார்த்துச் சொல்வது. தமிழில் இதற்கு அச்சு அசலாக ஒரு வார்த்தை இருக்கிறது: வந்தேறி. அந்த வசவையே நெற்றியில் ஒட்டிக்கொண்டு அவர் பாட, பிரான்சே திருப்பிப் பாடியது. நினைத்துப் பாருங்கள், பெங்களூரிலோ மும்பையிலோ நம்ம ஆள் ஒருத்தர் தன்னைத் திட்டும் சொல்லையே தலைப்பாக்கி, உள்ளூர் மொழியில் ஒரு பாட்டு எழுதி, அது அந்த ஊர்ப் பாட்டாகவே ஆகிவிட்டால் எப்படி இருக்கும்!

தலிதாவும் உண்டு. கெய்ரோவில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர், அப்பா அங்கே ஆபரா வயலின்காரர். 1956-ல் 'பம்பினோ' வந்ததிலிருந்து பிரான்சில் ராணி. அவர் 'ர' சொல்லும்போது நாக்கு உருளும், பாரீஸ்காரர்கள் மாதிரி தொண்டையில் வராது. யாரும் அதைத் திருத்தவில்லை, அதுவே அவர் முத்திரையாகிவிட்டது. 1977-ல் 'சல்மா யா சலாமா'வை எகிப்திய அரபியிலும் பாடினார். பிறந்த ஊருக்கு ஒரு கடிதம் போட்டது மாதிரி.

சரி, சான்சோன் தெருவில் வளர்ந்த பாட்டு, அதில் யாரும் நுழையலாம். சாஸ்திரிய சங்கீதம் அப்படியா என்று கேட்பீர்கள். ஃபிலிப் ஜாரூஸ்கி என்று ஒருவர் இருக்கிறார். ஆண்தான், ஆனால் பாடுவது பெண்குரல் ஸ்தாயியில். கௌண்டர்டெனர் என்பார்கள். 2015-ல் 'கிரீன்' என்று ஒரு ஆல்பம் போட்டார். வெர்லேன் கவிதைகளுக்கு வேறு வேறு ஆட்கள் போட்ட மெட்டுகள். ஃபோரே, டெபுஸ்ஸி மாதிரி சாஸ்திரியப் பெரியவர்கள் ஒரு பக்கம், த்ரெனே, ஃபெர்ரே, ப்ராசென்ஸ் மாதிரி சான்சோன்காரர்கள் மறுபக்கம். ஒரே தட்டில் இரண்டும், சண்டை இல்லாமல். கச்சேரியில் கீர்த்தனைக்குப் பக்கத்தில் ஒரு நல்ல சினிமாப் பாட்டை அதே மரியாதையோடு வைத்தது மாதிரி. (நம்ம சபாக்களில் நடக்குமா? வேண்டாம், அந்த வம்பு இன்னொரு நாள்.) ஜாரூஸ்கியின் கொள்ளுத்தாத்தா ரஷ்யப் புரட்சியில் தப்பி வந்தவராம். எல்லையில் யார் நீ என்று கேட்டதற்கு 'யா ரூஸ்கி', நான் ரஷ்யன், என்று சொன்னதே குடும்பப் பெயராகிவிட்டது என்பது அவர் வீட்டுக் கதை. அவர் பிரெஞ்சுக் கவிதையைப் பாடும்போது ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடி மாதிரி தெரியும்.

இதற்கு நேர் எதிரான ஒரு ஆல்பமும் உண்டு. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யை அதன் இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைனே 1984-ல் ஆபரா நட்சத்திரங்களை வைத்துப் பதிவு செய்தார். நியூயார்க் தெருப் பையன் டோனியாக ஸ்பெயின் நாட்டு ஹோசே கரேராஸ். பதிவு நடந்ததையே படமாகவும் எடுத்திருக்கிறார்கள். ஒரு பாட்டுக்கு எத்தனை தடவை! ஆங்கிலச் சொல் நாக்கில் நிற்கவில்லை, தாளம் பிடிபடவில்லை, பெர்ன்ஸ்டைன் பொறுமை இழக்கிறார், கரேராஸ் முகம் சுருங்குகிறது. குரல் என்னவோ தங்கம்தான். ஆனால் அந்தத் தெருவில் அந்தப் பையன் நடந்ததே இல்லை என்பது கேட்கும்போது தெரிந்துவிடுகிறது. பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 1976-ல் வெளியிட்ட 'கிளாசிகல் பார்பரா' இதற்குத் தலைகீழ். பாப் பாடகி ஷூமன், டெபுஸ்ஸி பாடுகிறார். மேதை க்ளென் கூல்ட் அதை மெச்சி எழுதினார். என் காதுக்கு அது கொஞ்சம் பயந்து பாடியதாகத்தான் படுகிறது, ஆனாலும் சொல்லை விடவில்லை.

என் கட்சி இதுதான். மொழி பிறப்பால் வருவதில்லை, வாயால் வருகிறது. கோஸ்மாவும் மோந்தானும் அஸ்நவூரும் பிரெஞ்சுக்குள் வாடகைக்கு வரவில்லை. உழைத்து வீட்டையே வாங்கிவிட்டார்கள்.

பாப்பில் இது இன்னும் வெளிப்படை. பிரெஞ்சு மொழியில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் 1995-ல் வந்த 'தெ'. பாடியது கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த செலின் தியோன். பெரும்பாலான பாட்டுகளை அவருக்காக எழுதிக் கொடுத்த ஜான்-ஜாக் கோல்ட்மனின் அப்பா போலந்திலிருந்து வந்த யூதர். அந்த ஆல்பத்தில் செலின் வழக்கம்போல் உச்சஸ்தாயியில் கூரையைப் பிய்க்காமல் பேசுவது மாதிரி பாடியிருப்பார். கோல்ட்மன் அடக்கி வைத்தார் என்பார்கள், புண்ணியவான். 2013-ல் 'ராசின் காரே' போட்ட ஸ்ட்ரோமாய் பெல்ஜியத்துக்காரர், அப்பா ருவாண்டாக்காரர்.

2024-ல் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நான் ஒரு பக்கக் கதை சொன்னதாக ஆகிவிடும். பாரீஸ் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் ஆயா நாகமுரா பாடுவார், அதுவும் பியாஃப் பாட்டைப் பாடுவார் என்று செய்தி கசிந்தது. மாலியில் பிறந்து பாரீஸ் புறநகரில் வளர்ந்த பெண், அரபியும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்த பிரெஞ்சு. உடனே தீவிர வலதுசாரிகள் குதித்தார்கள். இது பிரெஞ்சே இல்லை என்றார்கள், எதிர்த்துப் பதாகை பிடித்தார்கள். யார் பாட்டைக் காப்பாற்ற? அம்மா இத்தாலியில் பிறந்தவர், பாட்டி வழியில் வட ஆப்பிரிக்க கபீல் ரத்தம் என்று இருக்கிற எடித் பியாஃபின் பாட்டைக் காப்பாற்ற! கடைசியில் ஜூலை 26-ம் தேதி, பிரெஞ்சு மொழிக்குக் காவல் இருக்கும் அகாதமி இருக்கிற கட்டிடத்து வாசலில், ராணுவ பாண்டு வாசிக்க அந்தப் பெண் பாடியது. தன் பாட்டோடு அஸ்நவூர் பாட்டிலும் கொஞ்சம். அன்றிரவு ஈஃபில் கோபுரத்திலிருந்து பியாஃப் பாட்டைப் பாடியது செலின் தியோன். அவர் வெளிநாட்டுக்காரர் என்று யாரும் பதாகை பிடிக்கவில்லை. ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நம்ம வீட்டுக்கு வருகிறேன்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பெண், பதினாலு வயது. சொசைட்டி கணபதியில் மராத்தி அபங் பாடினாள். பக்கத்து வீட்டுக் காக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படி ஒரு உச்சரிப்பு, அப்படி ஒரு பாவம். நான்கு மாதம் கழித்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பொங்கல் விழா. "ஒரு தமிழ்ப் பாட்டு பாடும்மா" என்று மேடையேற்றினார்கள். பாடினாள். ழ வர வேண்டிய இடத்தில் ல வந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் சத்தமாகத் திருத்தினார், நாலு பேர் சிரித்தார்கள். இறங்கும்போது ஒரு மாமி அவள் அம்மாவிடம், "உன் பொண்ணு மராத்திக்காரியாவே ஆயிட்டாடி" என்றார். அடுத்த வருஷம் பொங்கலுக்கு அந்தப் பெண் வரவில்லை. டியூஷன் இருக்கிறது என்று அம்மா சொன்னார். கணபதிக்குப் பாடினாள்.

இரண்டு இடத்திலும் பாடியது ஒரே பெண்தான். ஒரு இடத்தில் அவள் அஸ்நவூர், ஒரு இடத்தில் வந்தேறி. வந்தேறி ஆக்கியது மராத்திக்காரர்கள் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மராத்தியில் அவள் பாடியதை நாம் நஷ்டக் கணக்கில் எழுதுகிறோம். அதுதான் தப்பு என்கிறேன். வேலூரில் பிறந்த வாணி ஜெயராம் 1971-ல் 'குட்டி' படத்தில் இந்தியில் பாடி வடக்கையே கிறங்க அடித்தார். மும்பையில் வளர்ந்த ஹரிஹரன் உருது கற்றுக்கொண்டு கஜல் பாடினார், 1996-ல் 'கலோனியல் கசின்ஸ்' ஆல்பமும் போட்டார். செம்பூர் தமிழ்க் குடும்பத்து சங்கர் மகாதேவன் 2015-ல் 'கட்யார் கால்ஜாத் குஸலி' என்ற மராத்திப் படத்தில் பண்டிதராகவே நடித்துப் பாடினார். எங்கள் ஊர் ஆட்கள் அந்தப் படத்தைப் பற்றி இன்னும் பேசுவார்கள். இவர்கள் யாரும் தமிழை விட்டுப் போகவில்லை. தமிழ்நாடும் இதையே வாங்கித்தான் வளர்ந்தது. பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருது 1968-ல் வந்த 'உயர்ந்த மனிதன்' படத்துத் தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்தது. வாங்கியது விஜயநகரத்தில் பிறந்த தெலுங்குக்காரர், பி.சுசீலா. அவருடைய தமிழைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்?

எதிர்க்கட்சியும் சொல்லிவிடுகிறேன். இதைப் பேசும்போது ஆபீஸ் நண்பர் ஒருவர் நறுக்கென்று கேட்டார்: "சார், அஸ்நவூரியன்ங்கற பேரை எதுக்கு அஸ்நவூர்னு வெட்டினார்? லீவி எதுக்கு மோந்தான் ஆனார்? அந்த ஊர் கொடுத்த மரியாதைக்கு இவங்க கட்டின விலை அது. உங்க பொண்ணும் அதைத்தான் கட்டணுமா?" நியாயமான கேள்வி. பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் வீட்டு மொழியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லும் இடம். தன் நாட்டுப் பழைய மொழிகளான ப்ரெத்தோனையும் ஆக்ஸித்தானையுமே விட்டுவைக்கவில்லை. அந்த விலையை நான் கட்டச் சொல்லவில்லை. ஆனால் மகாதேவன் பெயரை வெட்டாமல்தானே மராத்தி பாடினார்? இங்கே இரண்டையும் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அஸ்நவூருமே 1988 பூகம்பத்துக்குப் பிறகு அர்மேனியாவுக்காகப் பாட்டு எழுதி, அடுத்த வருஷம் பிரெஞ்சுப் பாடகர்களையெல்லாம் திரட்டிப் பாட வைத்தார், பிறகு அந்த நாட்டுத் தூதராகவும் இருந்தார். 64 வயதில் அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போக முடிந்ததென்றால், சின்ன வயதில் யாரும் சிரித்து அதைச் சாத்தவில்லை என்றுதான் அர்த்தம் என்பது என் ஊகம்.

அதற்காக ழ எப்படி இருந்தால் என்ன, விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. சான்சோன் கேட்டுக் கேட்டு நான் அதில் இன்னும் கறாராகிவிட்டேன். மேடையில் திருத்தாதீர்கள், வீட்டில் திருத்துங்கள். பாட்டைத் தேவநாகரியில் எழுதிக் கொடுக்காதீர்கள், அதில் நம்ம ஒலிக்குப் புழக்கத்தில் எழுத்து இல்லை, பிள்ளை எங்கே போகும்? ஒரு பாட்டை எடுத்தால் முதலில் வசனமாகப் பேச வையுங்கள், யார் யாரிடம் எதற்குச் சொல்கிறார்கள் என்று சொல்லிக் கொடுங்கள். மெட்டு பிறகு. பாட்டு டீச்சர்கள் ஸ்வரத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைச் சாகித்யத்துக்குக் கொடுத்தால் போதும். அந்தப் பெண்ணுக்கு மராத்தி அபங்கை அவள் டீச்சர் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாராம், வரி வரியாக, கதை கதையாக. தமிழ்ப் பாட்டை அவள் யூட்யூபைப் பார்த்துத் தானாகப் படித்திருக்கிறாள். ஆக, சிரித்தவர்கள் சிரித்தது யாரைப் பார்த்து?

கேட்க ஆசைப்படுபவர்களுக்கு: 'லே ஃபேய் மோர்த்'தை முதலில் மோந்தான் குரலில் கேளுங்கள், ஆங்கிலத்தில் வேண்டாம். பிறகு அஸ்நவூரின் 'லா போயெம்'. முஸ்தாக்கி, தலிதா எந்த வரிசையிலும் சரி. ஜாரூஸ்கியின் 'கிரீன்' ராத்திரிக்கு, பிள்ளைகள் தூங்கின பிறகு. ப்ரெலைக் காலையில் போடாதீர்கள், ஆபீஸ் போகவே தோன்றாது.